ரெக்கவரி ஆப் போட்ட பிறகு எனக்கு எழுதாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: அழித்தது திரும்ப வருமா? எந்தக் கருவி, எப்போது அழித்தது, அதற்கப்புறம் யார் யார் கையில் இருந்தது என்ற மூன்றையும் எழுதியவர்கள் இரண்டே பேர். மற்றவர்களுக்கு நானாக ஊகித்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். ஊகம் தவறினால் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

எங்கள் கம்பெனியில் கணக்கு பார்த்தவர் வேலையை விடும் முன் கணினியிலிருந்த எக்செல் கோப்புகளை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டார். கையாடல் புகார் கொடுக்கப் போகிறோம். மீட்க முடியுமா? (திருப்பூர்)

உள்ளே இருப்பது சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க்கா, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியா? பதிலே அதில்தான் இருக்கிறது, நீங்கள் அதை எழுதவில்லை.

பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு. விண்டோஸ் ஒரு கோப்பை அழிக்கும்போது உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. பதிவேட்டில் அந்தக் கோப்பின் வரிக்கு எதிரே ‘இந்த இடம் காலி’ என்று குறித்து வைக்கும், அவ்வளவுதான். வேறு எதுவும் அதன் மேல் வந்து உட்காரும்வரை பழையது அங்கேயே கிடக்கும். மிகச் சிறிய கோப்புகள், சுமார் 700 பைட்டுக்குள் இருப்பவை, அந்தப் பதிவேட்டுக்குள்ளேயே குடியிருக்கும். அவை ஆண்டுக்கணக்கில் தப்பியதையும் பார்த்திருக்கிறேன்.

எஸ்எஸ்டி என்றால் கதை வேறு. விண்டோஸ் 7 வந்த 2009 முதல், அழித்த இடத்தை உடனே டிரைவுக்குச் சொல்லிவிடும் ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. டிரைவ் தன் வசதிக்கு அந்த இடத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளும். கணினியில் யாரும் வேலை செய்யாவிட்டாலும், மின்சாரம் ஓடினால் போதும், அது தன் வேலையைப் பார்க்கும். வெளியிலிருந்து எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் கருவியை மாட்டினாலும் உள்ளே நடப்பதைத் தடுக்க முடியாது.

கோப்பு வராவிட்டாலும் வழக்கு போய்விடாது. அந்தக் கோப்பு எப்போது திறக்கப்பட்டது, எந்தப் பெயரில் இருந்தது, கடைசி வாரத்தில் எந்தப் பென்டிரைவ் செருகப்பட்டது என்பதெல்லாம் விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியிலும் குறுக்குவழிக் கோப்புகளிலும் தனியாகப் பதிவாகியிருக்கும். ஆடிட்டருக்கு அனுப்பிய மின்னஞ்சல் இணைப்பு, டேலி கணக்கு மென்பொருளின் பேக்கப் ஆகியவற்றையும் தேடுங்கள்.

அப்புறம் ஒன்று. அந்தக் கணினியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்? புதிதாக வந்த கணக்கர்தானே? இன்றே அவரை எழுப்பிவிட்டு, கணினியை அணைத்து, பெட்டியில் போட்டு முத்திரை வையுங்கள். கை வைக்காதீர்கள்.

ஃபேக்டரி ரீசெட் செய்த ஆண்ட்ராய்டு போனிலிருந்து படங்களை மீட்க முடியுமா? (வேலூர்)

கடந்த சில ஆண்டுகளில் வந்த போன் என்றால் முடியாது. ரீசெட் செய்யும்போது, தரவைப் பூட்டி வைத்திருந்த குறியாக்கச் சாவி போய்விடுகிறது. சாவி இல்லாத குப்பையை வைத்துக்கொண்டு எந்த ஆய்வகமும் ஒன்றும் செய்ய முடியாது. கூகுள் கணக்கில் பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள்.

கூகுள் போட்டோஸில் அழித்த படம்? (ஈரோடு)

பேக்கப் ஆனது என்றால் குப்பைத்தொட்டியில் 60 நாள், ஆகாதது என்றால் 30 நாள். ஐபோனின் ‘சமீபத்தில் அழித்தவை’ ஆல்பத்தில் 30 நாள். எனக்குக் கடிதம் எழுதும் நேரத்தில் அங்கே போய்ப் பார்த்திருக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கை 35 முறை மேலெழுதினால்தான் தரவு முழுதாக அழியும் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். உண்மையா? (கோவை, மாணவர்)

அது 1996இல் பீட்டர் கட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த எண். அன்றைய பலவகை டிஸ்க்குகளுக்கும் சேர்த்துப் போட்ட பட்டியல் அது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35உம் தேவையில்லை என்று பின்னாளில் அவரே விளக்கினார். இன்றைய டிஸ்க்கில் ஒருமுறை முழுதாக மேலெழுதினால் போதும், போனது போனதுதான். பேராசிரியரிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

என் தங்கைக்கு ஒருவர் வாட்ஸ்அப்பில் மிரட்டல் குரல் பதிவுகள் அனுப்பிக்கொண்டிருந்தார். பயத்தில் அவளே எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். ப்ளே ஸ்டோரிலிருந்து நான்கு ரெக்கவரி ஆப் போட்டுப் பார்த்தேன், பழைய படங்கள்தான் வருகின்றன. போனை ரூட் செய்தால் வரும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? (மதுரை)

செய்யாதீர்கள். இந்தப் பதிலை முழுதாகப் படித்து முடிக்கும்வரை அந்தப் போனைக் கையில் எடுக்காதீர்கள்.

ஒவ்வொரு மாதமும் இதே கதை வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. முதலில் அந்த ஆப்களைப் பற்றி. சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஓர் ஆப்பால் நினைவகத்தின் காலியிடத்தைத் தொட்டுப் பார்க்கவே முடியாது, இயங்குதளம் விடாது. அப்படியானால் ‘12,000 கோப்புகள் கிடைத்தன’ என்று அது எதைக் காட்டுகிறது? கேலரியின் சிறுபடங்கள், வேறு ஆப்களின் மிச்சம் மீதி, பல சமயம் நீங்கள் அழிக்கவே அழிக்காத படங்கள். அதைக் காட்டி 499 ரூபாய் கேட்கும். அதோடு போனால் பரவாயில்லை. நான்கு ஆப் இறக்கியதில் 200, 300 எம்பி அந்த நினைவகத்தில் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் தேடும்போது தன் தற்காலிகக் கோப்புகளையும் எழுதியிருக்கும். நீங்கள் தேடிய பொருளின் மேலேயே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, மண்வெட்டி சரியில்லை என்கிறீர்கள்.

அடுத்தது அந்தக் கடைக்காரர். ரூட் செய்ய, அதாவது போனின் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுக்க, முதலில் இயங்குதளத்தைத் துவக்கிவிடும் நிரலான பூட்லோடரைத் திறக்க வேண்டும். பூட்லோடரைத் திறந்தால் போன் தன் பாதுகாப்புக்காகத் தன்னையே துடைத்துக்கொள்ளும். இது பழுது இல்லை, கூகுள் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. அதாவது மீட்பதற்கு என்று அவர் செய்யும் முதல் வேலையே உங்கள் சாட்சியத்துக்குக் கடைசி வேலை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். மகன் இறப்பில் சந்தேகம், கையில் மகனுடைய போன். ஊரில் ஒரு கடையில் கொடுத்து ‘சும்மா பார்க்கச்’ சொல்லியிருக்கிறார். கடைப் பையன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, உதவத்தான் நினைத்தான். ரூட் செய்தான். போன் புத்தம்புதிதாக, முதல்முறை பெட்டியைத் திறந்ததுபோல, மொழியைத் தேர்ந்தெடு என்று கேட்டபடி என் மேசைக்கு வந்தது. அந்தத் திரையை நான் மறக்கவில்லை. கடைக்காரர் 800 ரூபாய் வாங்கியிருந்தார், அதற்கு ரசீதுகூட இல்லை.

ரசீது என்றதும் நினைவு வருகிறது. போனில் ஏதோ கிடைத்தது என்றே வையுங்கள். நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: ‘இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இந்தப் போன் யாரிடம் இருந்தது, என்ன செய்தார்கள்?’ நான்கு ஆப், ஒரு கடை, மூன்று நாள். உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?

சரி, திட்டியது போதும். இப்போது செய்ய வேண்டியது இது. ஆப்களை நீக்கவும் வேண்டாம், அதுவும் ஓர் எழுத்து வேலைதான். விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையும் அணைந்ததா என்று பார்த்து, சார்ஜில் வையுங்கள். வாட்ஸ்அப்பை அழித்து மறுபடி நிறுவும் யோசனையை யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி: கேட்பது குரல் பதிவு. ஆண்ட்ராய்டில் குரல் பதிவுகள் உரையாடலுக்குள் இருப்பதில்லை, ‘வாய்ஸ் நோட்ஸ்’ என்ற கோப்புறையில் ஆண்டும் வாரமும் சேர்ந்த எண்ணிட்ட உறைகளில் தனிக் கோப்பாகக் கிடக்கும். உரையாடலை அழிக்கும்போது மீடியாவையும் அழிக்கவா என்று கேட்டதற்குத் தங்கை என்ன பதில் சொன்னார் என்பதில் பாதி இருக்கிறது. அடுத்து, வாட்ஸ்அப் அதிகாலை 2 மணி வாக்கில் போனுக்குள்ளேயே தன் தரவுத்தளத்துக்கு ஒரு நகல் எடுக்கும், சுமார் ஒரு வாரத்து நகல்கள் இருக்கும். அதில் செய்திகளின் வரிசையும் நேரமும் வரும். நாள் கடக்கக் கடக்கப் பழைய நகல் போய்விடும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். மடிக்கணினியில் வாட்ஸ்அப் வெப் இணைத்திருந்தால் அங்கேயும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேல், அனுப்பியவருடைய போன் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பறிமுதல் செய்ய நீங்கள் புகார் கொடுத்தால்தான் முடியும். கொடுத்தீர்களா? கடிதத்தில் இல்லை.

‘எல்லோருக்கும் அழி’ கொடுத்த செய்தியை வாட்ஸ்அப் நிறுவனத்திடமிருந்து போலீஸ் வாங்க முடியாதா? (நாகர்கோவில்)

முடியாது. போய்ச் சேர்ந்த செய்தியை அவர்கள் வைத்திருப்பதில்லை, சேராத செய்தியும் 30 நாள்தான், அதுவும் குறியாக்கத்தில். கணக்கு விவரம், இணைந்த நேரம், ஐபி முகவரி போன்றவற்றைக் கேட்கலாம். உரையை உங்கள் பக்கத்திலேயே தேடுங்கள். அந்தச் செய்தியை மேற்கோள் காட்டி யாராவது பதில் போட்டிருந்தால் மேற்கோள் அப்படியே நிற்கும். குழுவில் 40 பேர் இருந்தால் 40 போன். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய போனில் அறிவிப்பு வரலாற்றை முன்பே இயக்கி வைத்திருந்தால் 24 மணி நேரத்துக்கு அதில் இருக்கும். பார்த்தவுடன் இன்னொரு போனால் படம் எடுங்கள்.

என் அப்பா மீது வண்டி மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. எதிரே இருக்கும் கடையில் கேமரா உண்டு. விபத்து நடந்து ஒன்பது நாள் ஆகிறது. கடைக்காரர் ‘பதிவு அழிந்திருக்கும்’ என்கிறார். (சேலம்)

கடைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னாரா, பார்க்காமலே சொன்னாரா? பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கணக்குப் போடுவோம். ஒரு கேமரா நாளொன்றுக்குச் சுமார் 20 ஜிபி. நான்கு கேமரா என்றால் 80. 1 டிபி டிஸ்க் 12 நாளில் நிரம்பும், அப்புறம் பழையதன் மேல் எழுத ஆரம்பிக்கும். அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைத்திருந்தால் இன்னும் சில நாள் கூடும். ஆக ஒன்பதாம் நாளில் நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருந்த நாட்களை நினைத்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. இன்றே விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின் கீழ் கடைக்காரருக்கு அவர் எழுத்தாணை கொடுக்கலாம். அது வரும்வரை, கேமரா பதிவுகளைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரை அணைத்து வைக்கச் சொல்லிக் கெஞ்சுங்கள்.

டிவிஆரில் இரண்டு வகை அழிவு. மெனுவில் போய் ஃபார்மட் கொடுத்ததாலோ நாளைத் தேர்ந்தெடுத்து அழித்ததாலோ போனது என்றால், பெரும்பாலும் அட்டவணைதான் போயிருக்கும், காட்சிகள் டிஸ்க்கில் கிடக்கும். தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு கோப்பு முறை வைத்திருப்பதால் நேரம் பிடிக்கும், ஆனால் எடுக்கலாம். சுழற்சியில் மேலெழுதப்பட்டது என்றால் எடுக்க முடியாது. டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக் கணினியில் மாட்டினால் விண்டோஸ் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கும். ஆமாம் என்று அழுத்தியவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, டிவிஆரின் கடிகாரம். பத்து நிமிடம் முன்னே, அரை மணி பின்னே ஓடாத டிவிஆரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். திரையில் டிவிஆர் நேரமும் பக்கத்தில் உங்கள் போன் நேரமும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இதில் அமைப்பே சாட்சியத்தை விழுங்கிய கதை நம் மாநிலத்திலேயே உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் தாக்கப்பட்ட வழக்கில், விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார். டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தும், பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைத்திருந்ததை அதில் குறிப்பிட்டிருந்தார். அன்று அவர் போய்ப் பார்த்திருக்காவிட்டால் ‘பதிவு இல்லை’ என்ற ஒற்றை வரியோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமரா பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி சந்தையில் கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. காவல் நிலையப் பதிவு வேண்டுமென்றால் மனுவில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன். போலீஸ் ஆய்வகத்தாலும் எடுக்க முடியாதபடி மடிக்கணினியை அழிக்க நல்ல மென்பொருள் எது? (ஊர் எழுதவில்லை)

ஊர் எழுதாததிலிருந்தே நண்பர் யார் என்று தெரிகிறது.

மென்பொருள் சொல்ல மாட்டேன். சட்டம் சொல்கிறேன். சாட்சியத்தை மறைத்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவு. நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய மின்னணுப் பதிவை அழித்தால் 241ஆம் பிரிவு. மூல வழக்கில் தப்பித்தாலும் இதில் மாட்டலாம். அழிப்பு மென்பொருளை நிறுவியதும் ஓட்டியதும்கூட நாள், நேரத்தோடு பதிவாகும். சம்மன் வந்த மறுநாள் காலை முழு டிஸ்க்கும் பூஜ்யமாகக் கிடந்தால், அதைப் பார்க்கும் நீதிபதிக்கு விளக்கம் தேவைப்படாது.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் விசிட்டா நகரை 1974 முதல் 1991 வரை பத்துக் கொலைகளால் நடுங்க வைத்தவன் டெனிஸ் ரேடர். முப்பது ஆண்டு அகப்படவில்லை. 2005 பிப்ரவரியில் தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு ஃப்ளாப்பி அனுப்பினான். அதற்கு முன், ஃப்ளாப்பியை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று போலீஸிடமே கேட்டிருந்தான். ‘பரவாயில்லை, அனுப்பலாம்’ என்று அவர்கள் செய்தித்தாள் விளம்பரத்தில் பதில் போட்டார்கள். நம்பிவிட்டான்! அதில் அவன் அழித்துவிட்டதாக நினைத்த ஒரு வேர்ட் கோப்பின் உள்விவரத்தில் ஒரு தேவாலயத்தின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் ‘டெனிஸ்’ என்பதும் இருந்தன. அந்தத் தேவாலயத்தின் சபைத் தலைவர் அவன்தான். சில நாட்களில் கைது.

நண்பரிடம் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பறிமுதல் செய்த ஐபோன் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. ஆய்வகத்துக்கு அனுப்ப வரிசை நீளம். இரண்டு வாரமாக நிலையத்து பீரோவில் இருக்கிறது. தகவல் எடுக்க வாய்ப்பு உண்டா? (காவல் துறையிலிருந்து)

பீரோவிலா? சார்ஜ் இல்லாமலா?

உங்களுக்குத் தெரியாதது இல்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இயக்கிய பிறகு ஒருமுறையாவது கடவுக்குறி போட்டுத் திறக்கப்பட்ட போனும், அணைத்து இயக்கி இன்னும் திறக்கப்படாத போனும் ஒன்றில்லை. முதல்வகையில் பல சாவிகள் நினைவில் விழித்திருக்கும், கருவிகளுக்கு ஏதாவது பிடி கிடைக்கும். இரண்டாவதில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. பேட்டரி தீர்ந்தால் முதல்வகை இரண்டாவதாகிவிடும். போதாக்குறைக்கு ஐஓஎஸ் 18 வந்த பிறகு, மூன்று நாள் யாரும் திறக்காவிட்டால் போன் தானே மறுபடி துவங்கிக்கொள்கிறது. 2025இல் ஆண்ட்ராய்டுக்கும் அதே ஏற்பாடு வந்துவிட்டது. உங்கள் இரண்டு வாரம் பழைய காலத்துக் கணக்கு. இனிமேலாவது பறிமுதல் செய்த இடத்திலேயே சிக்னல் தடுக்கும் பையில், பவர் பேங்கோடு போட்டு நேரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

மகஜரில் போனின் நிலையை எழுதுங்கள்: இயங்கியதா, பூட்டியிருந்ததா, திரையில் என்ன நேரம். மெமரி கார்டு, பென்டிரைவ் என்றால் நகலெடுத்த உடனே ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணைக் குறித்து, யாரிடம் பறிமுதல் செய்தீர்களோ அவர் தரப்புக்கும் கொடுங்கள். சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு உங்களுக்கும் கவசம்தான்.

‘சும்மா ஒருமுறை திறந்து பார்த்தால் என்ன’ என்று கேட்பவர்களுக்கு, 2017இல் கேரளத்தில் ஒரு நடிகை கடத்தித் தாக்கப்பட்ட வழக்கைச் சொல்வேன். முக்கியச் சாட்சியமான மெமரி கார்டின் ஹாஷ், கார்டு நீதிமன்றக் காவலில் இருந்த காலத்திலேயே மாறியிருந்தது. யார் திறந்தார்கள் என்று விசாரிக்க 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தனியாக உத்தரவு போட வேண்டியதாயிற்று. காவலில் இருந்த கார்டுக்கே அந்தக் கதி.

மிரட்டல் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் போதாதா? (புதுச்சேரி)

புகார் கொடுக்கப் போதும், நிரூபிக்கப் போதாது. ஸ்கிரீன்ஷாட்டைப் பத்து நிமிடத்தில் யாரும் தயாரிக்கலாம் என்பது எதிர்த்தரப்புக்கும் தெரியும். மூலப் போனையே கொண்டுவந்து அதன் உரிமையாளர் சாட்சி சொன்னால், மின்னணு நகலோடு தர வேண்டிய சான்றிதழ் வேண்டாம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நகல் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம். 2024 ஜூலை 1 முதல் அது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி இரண்டு பாகம்: முதல் பாகம் கருவியை வைத்திருந்தவர், இரண்டாம் பாகம் வல்லுநர். ஹாஷ் எழுத அதில் தனி இடமே இருக்கிறது, பலர் அதைக் காலியாக விட்டு வருகிறார்கள். புதுப் போன் வாங்கும் ஆசையில் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்று ஆண்டுக்கு முந்தைய போன் உரையாடலைத் தொலைபேசி நிறுவனத்திலிருந்து எடுக்க முடியுமா? (திருச்சி)

உரையாடல் அங்கே எப்போதும் இருந்ததில்லை. யார் யாரை எப்போது அழைத்தார்கள் என்ற பட்டியல்தான் இருக்கும். அதைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரில் வந்த உரிம விதி, அதற்கு முன் ஓராண்டு. உங்களுடையது கெடு தாண்டிவிட்டது.

தரவு அழிந்த பென்டிரைவ் ஒன்றை எனக்கே தபாலில் அனுப்பியிருக்கும் வாசகருக்கு:

சாதாரணத் தபால், முத்திரை இல்லை, உள்ளே துண்டுச் சீட்டில் ‘பார்த்துச் சொல்லவும்’ என்று மட்டும். பென்டிரைவ்களில் பெரும்பாலும் ட்ரிம் கிடையாது என்பதால் உங்கள் கோப்புகள் உள்ளே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதனால்தான் அதை எந்தக் கணினியிலும் செருகாமல், வந்த உறையோடு இன்னொரு உறைக்குள் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்தும் தேதியும் போட்டு, பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதைப் பிரிக்காமல் காவல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். தபால் செலவை நீங்கள் தர வேண்டாம்.